நல்ல மனுஷன் பதவிக்கு வந்ததும் ஏன் கை நீட்டுகிறார்?

பதவி ஆளைக் கெடுக்கிறதா, கெட்டவர்தான் பதவிக்கு வருகிறாரா என்பது கேள்வி. இரண்டும் உண்டு. ஆனால் ஊராட்சி போன்ற இடத்தில் வேலையை நடத்துவது, அதை அளப்பது, பணம் கொடுப்பது மூன்றும் ஒரே கையில் சேர்வதுதான் முதல் காரணம் என்பேன்.

காரைக்குடிப் பக்கத்து ஊருணி ஒன்றைத் தூர்வாருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம்: 1,200 கன மீட்டர் மண். 30 செ.மீ. மட்டும் வெட்டினால் 720தான். செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தில் 1,200 என்று எழுதிவிட்டால், வெட்டாத 480 கன மீட்டருக்கு, அதாவது சுமார் 170 யூனிட்டுக்கு (ஒரு யூனிட் 100 கன அடி)ப் பணம் போய்விடும். ஒரு மழை பெய்து செம்புறாங்கல் படி முங்கிவிட்டால் தடயமே இல்லை. அதனால்தான் இடையிடையே தோண்டாத மண்திட்டு விட்டு, அதன் உயரத்தை அளக்க வேண்டும். அளக்கும் முன்பே திட்டை வெட்டிவிட்டால் சந்தேகப்படுங்கள்.

ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும் என்கிறது 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். காவல் நல்ல காவல்தான். இருவரும் ஒரே அணி என்றாலோ, வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிட்டாலோ அது செத்துப்போகும். தேர்தலில் கடன் வாங்கிச் செலவழித்தவருக்கு வட்டி கழுத்தை நெரிக்கும். முதல் தவறு பெரும்பாலும் அங்கேதான். ‘இந்த ஒரு பில் மட்டும்’ என்று தொடங்குவார். அடுத்த பில்லில், முதல் பொய்யை அறிந்தவர் பங்கு கேட்பார்.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு அளவுப் புத்தக நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வேலையை நேரில் பார்வையிடவும் அதே மனுவில் கேளுங்கள், ஊருணியில் தண்ணீர் தேங்குவதற்குள்.