விசாரணை நீதிபதி அழைத்திருக்கிறார், என்ன செய்வது?

கேள்வி: என் தம்பி பிரான்சில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறான். அங்கே இரண்டு பேர் கைகலந்ததில் ஒருவர் படியிலிருந்து விழுந்து இறந்துபோனார். தம்பி அதை நேரில் பார்த்தவன். போலீசிடம் வாக்குமூலம் கொடுத்துவிட்டான். இப்போது ‘விசாரணை நீதிபதி’ ஒருவரிடமிருந்து சாட்சியாக வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. நீதிபதியே விசாரித்தால் தீர்ப்பு சொல்வது யார்? வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டுமா? குறுக்கு விசாரணை இருக்குமா? “இதெல்லாம் ஒரு சம்பிரதாயம், கோர்ட்டில் விரிவாகச் சொல்லிக்கொள்ளலாம்” என்கிறான் அவன். அது சரியா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. உங்கள் தம்பி நினைப்பது தவறு. இந்தியாவிலோ இங்கிலாந்திலோ என்றால் அவர் சொல்வதில் நியாயம் இருந்திருக்கும். பிரான்சில் அந்த நீதிபதியின் அறையில் அவர் சொல்வதும், சொல்லிவிட்டுக் கையெழுத்திடுவதும்தான் சாட்சியம். கோர்ட்டில் பிறகு நடப்பது பெரும்பாலும் அதைச் சரிபார்க்கும் வேலை.

ஏன் இந்த வேறுபாடு? இங்கிலாந்தும் அதன் சட்ட மரபைப் பெற்ற நாடுகளும் பின்பற்றுவது வழக்காடு முறை. அரசுத் தரப்பு ஒரு கதையைக் கட்டும், எதிர்த்தரப்பு அதை உடைக்கும், நீதிபதி நடுவராக உட்கார்ந்து கேட்பார். சாட்சியம் கூண்டில்தான் பிறக்கிறது: முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, மறு விசாரணை என்று மூன்று அடுப்பில் அது வேக வேண்டும். இந்தியச் சட்டப்படி போலீஸ் விசாரணையின்போது சாட்சி சொல்வதை எழுதிக்கொண்டாலும் அதில் அவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. அந்த எழுத்து முக்கியமாக அவரைப் பின்னால் முரண்படுத்திக் காட்டத்தான் பயன்படும். ஆகவே அங்கே வளர்ந்தவருக்குக் ‘கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தோன்றுவது இயல்பு.

பிரான்சின் முறையை விசாரணை முறை என்கிறோம். அதில் இரண்டு கதைகளுக்கு இடமில்லை. ஒரே ஒரு கோப்புதான். விசாரணை நீதிபதி குற்றத்தை நிரூபிப்பதை மட்டுமல்ல, குற்றமற்றவர் என்று காட்டுவதையும் தேட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டத்திலேயே எழுதியிருக்கும் கடமை. அவர் அரசுத் தரப்பின் ஆள் அல்லர். குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞரும், இறந்தவரின் குடும்பத்துக்காக வழக்கில் சேர்ந்திருக்கும் வழக்கறிஞரும் அதே கோப்பைத்தான் படிப்பார்கள். ‘இன்னாரையும் விசாரியுங்கள்’, ‘அந்தப் படியை அளந்து பாருங்கள்’ என்று அவர்கள் மனுப் போடலாம். மறுத்தால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். அதை எதிர்த்து மேலே போகவும் வழியுண்டு. மருத்துவ நிபுணரைக்கூட இரு தரப்பும் தனித்தனியாகக் கூட்டிவந்து மோதவிடுவது கிடையாது, நீதிபதியே நியமிப்பார்.

எல்லா வழக்கும் இவரிடம் போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வழக்குகளை அரசு வழக்கறிஞரும் போலீசுமே முடித்துவிடுகிறார்கள். மிகக் கடுமையான குற்றங்களுக்குத்தான் விசாரணை நீதிபதி கட்டாயம். கொல்லும் நோக்கமில்லாமல் தாக்கி மரணம் விளைவித்தாலும் அந்த வகையில்தான் வரும். அதற்கு 15 ஆண்டு வரை சிறை. அதனால்தான் தம்பிக்குக் கடிதம் வந்திருக்கிறது.

தீர்ப்பு சொல்வது அவரா? இல்லை. விசாரித்தவர் அந்த வழக்கில் தீர்ப்பளிக்க உட்கார முடியாது. ஒருவரை விசாரணைக் காலத்தில் சிறையில் வைப்பதா என்று முடிவெடுக்கும் அதிகாரம்கூட 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவரிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறொரு நீதிபதியிடம் போய்விட்டது. உங்கள் தம்பியின் வழக்கு மேலே போனால், அனேகமாக ஐந்து நீதிபதிகள் கொண்ட, ஜூரிகள் இல்லாத குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகும். 15 முதல் 20 ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களுக்காக 2023 முதல் நாடு முழுவதும் அது செயல்படுகிறது. அதைவிடக் கனமான வழக்குகளைக் கேட்கும் அசீஸ் நீதிமன்றத்தில் ஜூரிகள் உண்டு. அவர்கள் கோப்பைப் பார்க்காமல், காதால் கேட்டதை வைத்தே முடிவு செய்வார்கள். ஐந்து நீதிபதிகளோ முழுக் கோப்பையும் கையில் வைத்துக்கொண்டு கலந்து பேசுவார்கள். தம்பி கையெழுத்திட்ட காகிதம் அந்த மேசையில் இருக்கும், தம்பி இருக்க மாட்டார்.

இப்போது அந்த அறைக்குள் போவோம். கூண்டு கிடையாது, பார்வையாளர் கிடையாது. ஓர் அலுவலக அறை. மேசைக்குப் பின்னால் நீதிபதி, பக்கத்தில் கணினியோடு எழுத்தர். ‘உண்மை முழுவதையும், உண்மையை மட்டுமே’ சொல்வதாகத் தம்பியிடம் உறுதிமொழி வாங்குவார்கள். அவர் பேசுவார், நீதிபதி கேட்பார். பிறகுதான் விசித்திரம் தொடங்குகிறது: தம்பி சொன்னதைப் பல சமயம் நீதிபதி தன் சொற்களில் சுருக்கிச் சொல்ல, எழுத்தர் அதைத் ‘நான் பார்த்தேன்’, ‘நான் கேட்டேன்’ என்று தன்மையில் தட்டச்சு செய்வார். வழக்காடு முறையில் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் திகைப்பாகவே இருக்கும். நம் வாயிலிருந்து வராத வாக்கியம் நம் பெயரில் காகிதத்தில் ஏறுகிறது.

இங்கேதான் கவனம் வேண்டும். தம்பி தமிழில் ‘தள்ளியது போல் இருந்தது’ என்று சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வாயில் அது ‘தள்ளியதைப் பார்த்தேன்’ ஆகி, காகிதத்தில் ‘அவர் தள்ளினார்’ என்று முடியலாம். யாரும் சூழ்ச்சி செய்யவில்லை. இரண்டு கை மாறியதில் அந்தப் ‘போல்’ உதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் ஒருவர் சிறைக்குப் போவதும் போகாததும் அந்த ‘போல்’ மேல் நிற்கலாம். வழக்காடு முறையில் இப்படிப்பட்ட வழுவைக் குறுக்கு விசாரணையில் ஒரு நல்ல வழக்கறிஞர் தோண்டி எடுத்துவிடுவார். இந்த அறையில் சாட்சி தானே அதைப் பிடிக்க வேண்டும். கடைசியில் படித்துப் பார்க்கக் கொடுப்பார்கள். படிக்க முடியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வழியாக வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து உண்டு. தவறு இருந்தால் திருத்தச் சொல்லிவிட்டே கையெழுத்திட வேண்டும். பிரெஞ்சு ஓரளவு தெரியும் என்ற தைரியத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டாம். கிடங்கில் பேசும் பிரெஞ்சு வேறு, இந்தப் பிரெஞ்சு வேறு.

வழக்கறிஞர் விஷயம்: வெறும் சாட்சி என்றால் அந்த அறைக்கு வழக்கறிஞரைக் கூட்டிப்போகும் உரிமை இல்லை, தேவையும் பெரும்பாலும் இல்லை. ஆனால் கடிதத்தை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். ‘தெமுவான் அசிஸ்தே’ என்ற சொல் அதில் இருந்தால் நிலைமை வேறு. குற்றத்தில் இவருக்கும் பங்கு இருக்கலாம் என்று சந்தேகம் எழுந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் உறுதிமொழி வாங்க மாட்டார்கள், வழக்கறிஞர் உரிமை உண்டு, உடனே ஒருவரைப் பார்த்தாக வேண்டும். எதுவானாலும் போகாமல் இருந்துவிடக் கூடாது. வராத சாட்சியைப் போலீசை அனுப்பி வரவழைக்க முடியும், அபராதமும் உண்டு.

அந்த அறையில் குறுக்கு விசாரணை கிடையாது. பிறகு நீதிமன்றத்துக்கு அழைத்தால் அங்கே முதலில் கேள்வி கேட்பவர் தலைமை நீதிபதி, வழக்கறிஞர்கள் பின்னால்தான். அதற்கும் முன்னால் சாட்சி, ‘வெறுப்பும் அச்சமும் இன்றி’ என்று தொடங்கும் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்ததை இடையீடு இல்லாமல் தானே சொல்ல வேண்டும். கூண்டில் ஏறும் சாட்சிக்கு எங்கள் தொழிலில் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், ‘கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்’ என்பது. நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். பிரான்சில் அந்த அறிவுரை உதவாது. எதையோ மறைக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். தொடக்கத்திலிருந்து, பார்த்த வரிசையில், யாருக்குச் சாதகம் என்று எடைபோடாமல் சொல்லட்டும்.

எந்த முறை மேல் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எல்லோரும் அடுத்துக் கேட்பது அதுதான். இரண்டும் ஒரே காலத்தில் கிளை பிரிந்தவை. 1215இல் ரோமில் கூடிய திருச்சபைப் பேரவை, பழுத்த இரும்பைப் பிடிக்கவைத்தும் நீரில் மூழ்கவைத்தும் குற்றம் அறியும் சோதனைகளில் பாதிரியார்கள் பங்கேற்கக் கூடாது என்று தடுத்தது. கடவுளிடம் தீர்ப்புக் கேட்க முடியாமல் போனதும் இங்கிலாந்து ஊரார் பன்னிரண்டு பேரை நம்பியது, ஐரோப்பாவின் மற்ற நாடுகள் படித்த நீதிபதியை நம்பின. வழக்காடு முறையில் கெட்டிக்கார வழக்கறிஞருக்குக் காசு கொடுக்க முடியாதவர் தோற்கிறார். விசாரணை முறையில் நீதிபதியின் மனத்தில் முதலில் பதிந்த சந்தேகமே கோப்பு முழுவதும் ஊறிவிடுகிறது. பிரான்சின் ஊட்ரோ என்ற ஊரில் எழுந்த வழக்கில் அதுதான் நடந்தது. குழந்தைகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதாகச் சேர்க்கப்பட்டவர்களில் 13 பேர், 2004இலும் 2005இலும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். பலர் அதற்குள் நெடுநாள் சிறையில் கழித்திருந்தார்கள். 2009இல் விசாரணை நீதிபதிப் பதவியையே ஒழிக்கப்போவதாக அன்றைய அதிபர் சர்க்கோசி அறிவித்தார், நடக்கவில்லை. ஜெர்மனி 1975இலேயே ஒழித்துவிட்டது. இத்தாலி 1989இல் வழக்காடு முறைப் பக்கம் நகர்ந்தது. மறுபுறம், குற்றவியல் நீதிமுறையைச் சீர்திருத்த இந்திய அரசு அமைத்த மலிமத் குழுவின் 2003ஆம் ஆண்டு அறிக்கை விசாரணை முறையிலிருந்து சிலவற்றைக் கடன் வாங்கலாம் என்றது. அக்கரைப் பச்சை இரு கரையிலும் உண்டு.

தம்பியிடம் இன்னொன்றும் கேளுங்கள்: போலீசிடம் சொன்னதில் எதையாவது பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிட்டாரா? அப்படியென்றால் அதை மறைத்துப் பழைய பேச்சையே பிடித்துக்கொள்ள வேண்டாம். முதல் கேள்விக்கு முன்பே, ‘அன்று சொன்னதில் ஒரு திருத்தம் இருக்கிறது’ என்று தானே சொல்லிவிடலாம். உறுதிமொழிக்குப் பிறகு தெரிந்தே பொய் சொன்னால் ஐந்து ஆண்டு சிறையும் 75,000 யூரோ அபராதமும் வரை போகும். ஆனால் வழக்கில் முடிவு வருவதற்குள் தானாக முன்வந்து மாற்றிக்கொண்டவருக்குத் தண்டனை கிடையாது. கடிதத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு போகட்டும். பயணச் செலவை எழுத்தரிடம் கேட்டால் அதற்கான படிவத்தைக் கொடுப்பார்.