கொழும்பு வெக்கைக்கு இறகுத் தலையணை சரிவருமா?

கனடாவில் இருந்து அக்கா அனுப்பிய தலையணையில் '90% இறகு, 10% டவுன்' என்றும், டுவேயில் (உள்ளே தூவி அடைத்த தடித்த போர்வையில்) '90% டவுன், ஃபில் பவர் 650' என்றும் போட்டிருக்கிறது, இரண்டையும் இங்கே பாவிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தலையணையைத் தாராளமாகப் பாவியுங்கள். டுவே ஏசி இல்லாத அறைக்குச் சரிவராது. நுவரெலியாவில் சொந்தக்காரர் இருந்தால் அங்கே அதற்கு நல்ல வேலை இருக்கும்.

இறகும் டவுனும் ஒன்றல்ல. இறகுக்கு நடுவே விறைப்பான தண்டு ஒன்று ஓடும். டவுன் என்பது வாத்து, தாராவின் வெளி இறகுக்கு அடியில், முக்கியமாக நெஞ்சுப் பக்கம் வளரும் மென்தூவி. அதற்குத் தண்டு கிடையாது. ஒரு சின்னப் புள்ளியில் இருந்து நூலைவிட மெல்லிய இழைகள் எல்லாப் பக்கமும் விரிந்து நிற்கும். உள்ளங்கையில் வைத்தால் பாரமே தெரியாது, மூச்சு பட்டாலே நகரும். அந்த இழைகளுக்கு இடையே காற்று அசையாமல் நிற்பதால்தான் சூடு வெளியே போகாது. குளிர்நாட்டுக்காரர் அதற்குக் காசு கொடுப்பதும், கொழும்பில் அது நமக்கு வேர்ப்பதும் இதே காரணத்தால்தான்.

ஃபில் பவர் என்பது ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் டவுன், எத்தனை கன அங்குல இடத்தை நிரப்பும் என்ற கணக்கு. 650 நல்ல தரம். 800க்கு மேல் போனால் விலையும் ஏறும், ஆனால் நம்முடைய காலநிலைக்கு அந்த எண்ணால் ஒரு பிரயோசனமும் இல்லை.

தலையணைக்கு இறகு கூடுதலாக இருப்பது குறையே இல்லை. வளைந்த தண்டுகள் ஸ்பிரிங் போல நின்று கழுத்தைத் தாங்கும், ஃபோம் தலையணையைவிடக் காற்றும் நன்றாக ஓடும். முழு டவுன் தலையணையில் தலை அப்படியே புதைந்துவிடும், எனக்கு அது பிடிப்பதில்லை. இறகில் உள்ள ஒரே தொல்லை, தண்டு முனை சில நேரம் துணியைக் குத்திக்கொண்டு வெளியே வருவது. அதை வெளியே இழுக்காதீர்கள். இழுத்தால் ஓட்டை பெரிதாகி அடுத்த இறகும் அதே வழியால் வரும். மறுபக்கத் துணியோடு சேர்த்துப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டு, அந்த இடத்தை விரலால் தேய்த்தால் நூல்கள் மறுபடி நெருங்கிவிடும். நெருக்கமாக நெய்த பருத்தி உறை ஒன்றை மேலே போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.

வெக்கையைவிட எனக்குப் பயம் ஈரப்பதம்தான். கொழும்புக் காற்றில் அது பெரும்பாலும் 75 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும். ஈரம் ஏறினால் தூவி ஒட்டிக் கட்டியாகும், மணக்கும், பூஞ்சணம் பிடிக்கும், தூசிப் பூச்சிகளும் பெருகும். இறகு ஒத்துவராது என்று சொல்லும் பலருக்கு உண்மையில் ஒத்துவராதது அந்தப் பூச்சிதான். ஆனாலும் வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் டொக்டரிடம் கேட்டுவிட்டுப் பாவியுங்கள். அலுமாரியில் வைக்கும்போது பொலித்தீன் பையில் கட்டி வைக்கவே வேண்டாம், பழைய பருத்தி உறை போதும். வெயில் நாளில் ஓரிரு மணித்தியாலம் வெளியே போட்டுத் தட்டி எடுங்கள்.

கழுவுவதை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். அதிலும் ஒக்டோபர், நவம்பர் மழையில் கையே வைக்க வேண்டாம், உள்ளே காயாது. கட்டாயம் கழுவத்தான் வேண்டும் என்றால் ட்ரையர் உள்ள லோண்டரியில் கொடுங்கள். குறைந்த சூட்டில், இரண்டு டெனிஸ் பந்து சேர்த்துச் சுற்றவிடச் சொல்லுங்கள். பந்து அடிக்க அடிக்கக் கட்டிகள் உடையும். எடுத்துக் கையால் அமுக்கிப் பாருங்கள், எங்காவது கட்டி தட்டுப்பட்டால் அங்கே இன்னும் ஈரம் இருக்கிறது, திரும்பவும் ட்ரையரில் போடச் சொல்லுங்கள்.