கழுதைப்புலிக் குகையும் ஆதியாகமத்தின் முதல் வசனமும்

கேள்வி: பூமி மிகப் பழையது என்று புதைபடிவங்கள் காட்டத் தொடங்கியபோது, கிறிஸ்தவர்கள் அதைப் படைப்பு நம்பிக்கையோடு எப்படிப் பொருத்தினார்கள்?

இதையே பதினைந்து வயதில் ஓய்வுநாள் பள்ளியில் கேட்டேன். விசுவாசம் குறைந்தால்தான் இப்படிக் கேள்வி வரும் என்றார்கள். பல வருஷம் உறுத்தியது. பிறகு வில்லியம் பக்லாண்டைப் பற்றிப் படித்தபோதுதான் மனசு ஆறியது.

பக்லாண்ட் ஆங்கிலிக்கன் குருவானவர். ஆக்ஸ்ஃபோர்டில் நிலவியல் கற்பித்தவர். 1821இல் யார்க்‌ஷயரின் கர்க்டேலில் கல் உடைத்தவர்கள் ஒரு குகையைக் கண்டார்கள். அதிலிருந்த எலும்புகளை ஏதோ மாட்டெலும்பு என்று நினைத்து ரோட்டில் கொட்டிவிட்டார்கள். பார்த்தால் யானை, காண்டாமிருகம், நீர்யானை, அப்புறம் ஏராளமான கழுதைப்புலி! எங்கோ வெப்ப நாட்டிலிருந்து நோவா காலத்து ஜலப்பிரளயம் அடித்துவந்தது என்று சொல்லி முடித்திருக்கலாம். அவர் எலும்புகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். பல்தடம் இருந்தது. ஆள் தவழ்ந்து போகிற வாசலில் யானை எப்படி நுழையும்? மிருகக்காட்சி நடத்துபவர்களிடம் இருந்த உயிருள்ள கழுதைப்புலிக்கு மாட்டெலும்பைப் போட்டு, அது கடித்து மிச்சம் வைத்ததைக் குகை எலும்போடு ஒப்பிட்டார். அச்சு அசல் அதே. கழுதைப்புலிகள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே குடியிருந்து, இரையைத் துண்டு துண்டாக இழுத்துவந்து தின்றிருக்கின்றன.

ஆனாலும் எலும்புகளை மூடியிருந்த சேறு அந்த ஜலப்பிரளயம் விட்டுப்போன சேறு என்றே 1823இல் எழுதினார். 1836இல் அதையும் கைவிட்டார். கேம்பிரிட்ஜின் நிலவியலாளர் ஆடம் செட்ஜ்விக், அவரும் குருவானவர்தான், 1831லேயே லண்டன் நிலவியல் சங்கத்தில் எல்லார் முன்னாலும் தன் பழைய பிரளயக் கருத்து தவறு என்று ஒப்புக்கொண்டார். பரிணாமத்தைப் பற்றிய டார்வினின் புத்தகம் வந்தது 1859இல்தான். யாரும் நெருக்கி இவர்கள் மாறவில்லை, கண்டது மாற்றியது.

சரி, வேதாகமத்தை என்ன செய்தார்கள்? அதன் முதல் புத்தகமான ஆதியாகமம் இப்படித் தொடங்குகிறது: ‘ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்.’ இந்த வசனத்தில் வருஷக்கணக்கு இல்லை. இதற்கும் ஆறு நாள் வேலைக்கும் நடுவே எவ்வளவு காலமும் கடந்திருக்கலாம் என்றார் ஸ்காட்லாந்துப் போதகர் தாமஸ் சால்மர்ஸ். பக்லாண்டும் அதை ஏற்றார். கல் வேலை செய்து வளர்ந்த ஹியூ மில்லரோ, ‘நாள்’ என்பதே ஒரு நெடிய யுகம் என்றார்.

என் வரையில் இந்த இரண்டு விளக்கமும் நிற்காது. ஆதியாகமத்தில் பறவைகள் ஐந்தாம் நாள், ஊரும் பிராணிகள் ஆறாம் நாள். பாறை அடுக்கிலோ ஊர்வனதான் முந்தி. அந்த அதிகாரம் படைத்தவரைப் பற்றிப் பேசுகிறது, பாறையின் வயதைப் பற்றி அல்ல என்றே நான் வாசிக்கிறேன்.

பக்லாண்ட் விசுவாசத்தை விடவில்லை; 1845இல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்கு டீன், அதாவது தலைமைக் குரு, ஆனார். அந்தப் பல்தடத்தையும் அவர் மறைக்கவில்லை. இப்போது என் மகள் இதே கேள்வியைக் கேட்கிறாள். கர்க்டேல் குகையிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.