எக்கோவில் 62 சதவீதம் என்றால் நிம்மதியாக இருக்கலாமா?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: அம்மாவுக்கு வயது 58, இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு தளர்ந்து லீக் அதிகமாக இருக்கிறது. எக்கோவில் (இதய ஸ்கேனில்) ஈ.எஃப். 62 சதவீதம், நார்மல் என்று போட்டிருக்கிறார்கள், மூச்சு வாங்கலும் இல்லை. ஆனாலும் டாக்டர் ஆறு மாதத்தில் மறுபடி எக்கோ எடுக்கச் சொல்கிறார், ஆபரேஷன் பேச்சையும் எடுக்கிறார். தேவைதானா?

தேவைதான். அந்த 62-ஐ மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் ஈ.எஃப்., ஆனால் அது எந்தப் பக்கம் போகிறது என்று இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. மைட்ரல் லீக்கில் ஒரு பங்கு அழுத்தம் குறைந்த மேலறைக்கே திரும்பிப் போகிறது, தசைக்கு அது சுலபமான வேலை, அதனால் தசை சோர்ந்த பிறகும் எண் அழகாகவே தெரியும். வால்வைச் சரிசெய்து அந்த வழியை அடைத்ததும்தான் உண்மையான பலம் தெரியவரும், பலருக்கு அப்போது ஈ.எஃப். இறங்குகிறது. அதனால்தான் இந்த நோயில் ஈ.எஃப். 60-க்கு இறங்கினாலே, தொந்தரவு இல்லாவிட்டாலும், ஆபரேஷன் என்கிறோம்.

ரிப்போர்ட்டில் எல்.வி.ஐ.டி.எஸ். என்று இன்னொரு அளவு இருக்கும், இதயம் சுருங்கிய நிலையில் இடது கீழறையின் அகலம். அது 40 மில்லிமீட்டரைத் தொட்டாலும் இதே முடிவுதான். போன வருடம் 34 இருந்து இப்போது 38 என்றால் எனக்குக் கவலை, இரண்டு வருடமாக 35-லேயே நிற்கிறது என்றால் பொறுத்துப் பார்க்கலாம். ஆகவே பழைய ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஆசாரிப்பள்ளத்தில் ஒரு தடவை, திருவனந்தபுரத்தில் ஒரு தடவை என்று மாற்றி மாற்றி எடுத்தால் ஆளுக்கு ஆள் நாலைந்து புள்ளி வித்தியாசம் வரும், நோய் கூடியதா அளவு மாறியதா என்று சொல்லவே முடியாது. முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள். பி.பி. ஏறியிருந்தால் லீக்கும் கூடித் தெரியும், அன்றைய பி.பி.யையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அம்மாவுக்குத் தொந்தரவே இல்லை என்பதைக் கொஞ்சம் துருவிக் கேளுங்கள். நம்மூர் அம்மாக்கள் மூச்சு வாங்குது என்று சொல்லவே மாட்டார்கள், வேலையைக் குறைத்துக்கொள்வார்கள். முன்பு சிதறால் மலை ஏறியவர் இப்போது அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார் என்றால் அதுவே அறிகுறிதான். சந்தேகமிருந்தால் டிரெட்மில் டெஸ்ட் காட்டிக்கொடுக்கும்.

ஆபரேஷன் என்று முடிவானால், வால்வை ரிப்பேர் செய்ய முடியுமா, மாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். தளர்ந்த வால்வைப் பெரும்பாலும் ரிப்பேர் செய்யலாம், அதை அடிக்கடி செய்து பழகிய சர்ஜனாகத் தேடுங்கள். உலோக வால்வு வைத்தால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாத மாத்திரை வேண்டும்.

நெஞ்சு தாறுமாறாகப் படபடத்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ ஆறு மாதம் காத்திருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.