ஃப்ளேம் ஏஞ்சல் பவளத்தைக் கொத்துது: காரைக்குடி தம்பிக்கு

தம்பி, 200 லிட்டர் தொட்டியில விட்ட நாலாம் நாளே ஃப்ளேம் ஏஞ்சல்ங்கிற சின்னக் கடல் மீனு சோவாந்தஸ்ங்கிற பவள வகையைக் கொத்துதுன்னு எழுதியிருக்கீங்க. பாறையில பாசி மேயுற மீனு, அதோட குணமே அதான். ஒரே வகையில ஒண்ணு பவளத்தைச் சீண்டவே சீண்டாது, இன்னொண்ணு மொட்டையடிச்சிரும்.

என்கிட்ட இருக்குற கோரல் பியூட்டியும் (இதுவும் சின்ன ஏஞ்சல் மீன்தான்) இதே சேட்டைதான். பாலிப், அதாவது பவளத்தோட பூ மாதிரி வாய், விரிஞ்சதும் ஒரு கொத்து, அது சுருங்கினதும் அடுத்ததுக்குத் தாவும். நோரித் தாளை (காஞ்ச கடற்பாசித் தாள்) கிளிப்புல மாட்டி, ஸ்பைருலினாப் பாசித் தீனியை நாளுக்கு மூணு வேளையாப் பிரிச்சுப் போட்டேன், பாதி குறைஞ்சுது. ரெண்டு வாரம் பாருங்க, அடங்கலேன்னா கடையிலயே திருப்பிக் குடுத்துருங்க. அதுக்குப் பதிலா எம்பரர் ஏஞ்சல் வாங்கிறாதீங்க, 40 செ.மீ. வளரும். பின்னாடி பெரிய தொட்டி வச்சா ஜெனிகாந்தஸ்ங்கிற ஏஞ்சல் வகை பாருங்க, அது தண்ணியில மிதக்குற பிளாங்டனை, அதாவது நுண்ணுயிரிகளைத் தின்னுற மீனு.

தொட்டி முற்றத்தை ஒட்டி இருக்கா? நம்ம ஊர் சித்திரை வெயில்ல தண்ணி 30 டிகிரியத் தாண்டினா கொத்தாமலே பவளம் சுருங்கும். 26ல நிறுத்துங்க.

மண்டபம் பக்கம் யாராச்சும் கடல்ல எடுத்த கல்பவளம் தந்தா தொடாதீங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு, ஜெயில் வரைக்கும் போகும்.