பேஸ்மென்டில் மூழ்கிய கார், பூட்டுடைத்த வீடு, அப்பாவின் சர்க்கரை

மழைக்காலம் வந்தாலே நமக்கு வரும் கடிதங்களில் பாதி இன்ஷூரன்ஸ் பற்றித்தான். "வருஷம் தவறாமல் கட்டினேன், கேட்கப் போனால் கிடையாது என்கிறார்கள்" என்பதுதான் பெரும்பாலும் புலம்பல். சில இடத்தில் தப்பு கம்பெனியிடம். பல இடத்தில், சொல்லவே சங்கடம்தான், நம்மிடம்.

கேள்வி (வேளச்சேரி வாசகர்): எங்கள் அடுக்குமாடியின் பேஸ்மென்டில் கார் பானெட் வரை தண்ணீரில் நின்றது. மறுநாள் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்த்தேன். இரண்டு தடவை உறுமிவிட்டு அடங்கிவிட்டது. 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' இருக்கிறது. சீட், வயரிங்குக்கெல்லாம் தருகிறார்கள், இன்ஜினுக்கு மட்டும் கிடையாதாம். இது நியாயமா?

பதில்: அந்த இரண்டு உறுமலில்தான் விஷயம் இருக்கிறது. தண்ணீரில் சும்மா நின்ற காரின் இன்ஜினைப் பெரும்பாலும் கழற்றித் துடைத்து, ஆயில் மாற்றிக் காப்பாற்றிவிடலாம். சாவியைத் திருப்பினால் கதை வேறு. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைக் காற்றைப்போல் அழுத்த முடியாது. மேலே ஏறும் பிஸ்டன் அதில் முட்டி நிற்க, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளம் இன்ஜினைக் கெடுக்கவில்லை, வெள்ளத்துக்குப் பிறகு நீங்கள் ஸ்டார்ட் செய்ததுதான் கெடுத்தது என்று சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் எழுதுவார். வளைந்த ராடைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். சாதாரண பாலிசியில் இதற்குப் பணம் வராது.

'இன்ஜின் ப்ரொடெக்ட்' என்ற கூடுதல் கவரேஜ் எடுத்திருந்தால் வாய்ப்பு உண்டு. உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தில் பிரீமியக் கணக்குக்குக் கீழே அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், தண்ணீர் புகுந்தது தெரிந்தே ஸ்டார்ட் செய்திருந்தால் கிடையாது என்று பல பாலிசிகளில் எழுதியிருக்கும். 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்று ஒரு பாலிசி எங்கும் கிடையாது. அது ஷோரூமில் சொல்லும் வார்த்தை. அடுத்தவருக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டியோடு சொந்த வண்டிச் சேதத்தையும் சேர்த்தால் அந்தப் பெயர். அதிலும் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, டயர் எல்லாவற்றுக்கும் தேய்மானமாக 50 சதவீதம் கழித்துவிடுவார்கள். அதைக் கழிக்காமல் தருவதைத்தான் 'பம்பர் டு பம்பர்' என்கிறார்கள்.

அடுத்த மழைக்கு இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கார் நின்ற இடத்திலேயே, நம்பர் பிளேட்டும் தண்ணீர் மட்டமும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு கதவின் உள்பக்கம் சேறு ஒரு கோடு போட்டிருக்கும், துடைப்பதற்கு முன் அதையும் எடுத்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். வண்டியை மேலே ஏற்றிக்கொண்டு போகும் டோயிங் வண்டியை வரச்சொல்லுங்கள். சங்கிலி கட்டி இழுக்க வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் ஒரு போல்ட்டைத் திறப்பதற்கு முன்பே கம்பெனிக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும். பழுதுச் செலவு ஐ.டி.வி-யில், அதாவது பாலிசியில் உங்கள் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால், பழுது பார்க்காமல் முழு நஷ்டமாகவே கணக்கு முடிப்பார்கள். அதற்குத்தான் ஐ.டி.வி-யைக் குறைத்துக் காட்டி பிரீமியத்தில் சில நூறு மிச்சம் பிடிக்காதீர்கள் என்று சொல்கிறேன்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் உங்கள் ஊர்க்காரர்கள் கார்களையெல்லாம் வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்களே, பலர் சிரித்தார்கள். எனக்கு அது அந்த வருடத்தின் மிகச் சிக்கனமான இன்ஷூரன்ஸாகப் பட்டது.

கம்பெனியின் பதில் உங்களுக்குத் தப்பாகத் தெரிந்தால், முதலில் அவர்களின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை விசாரிப்பார்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): வீட்டுக் கடன் வாங்கும்போதே வங்கியில் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் போட்டார்கள். குலதெய்வம் கோயிலுக்குப் போய் வருவதற்குள் பூட்டை உடைத்து நகையை எடுத்துவிட்டார்கள். இந்தப் பாலிசியில் திருட்டு வராது என்கிறார்களே?

பதில்: வருத்தமாக இருக்கிறது, ஆனால் அவர்கள் சொல்வது அனேகமாகச் சரி. 2021 ஏப்ரலிலிருந்து எல்லாக் கம்பெனிகளும் 'பாரத் க்ருஹ ரக்‌ஷா' என்ற ஒரே மாதிரிப் பாலிசியை வைத்திருக்க வேண்டும். தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அதில் உண்டு. திருட்டு? இப்படி ஏதாவது ஆபத்து வந்து, அதன் காரணமாக ஏழு நாளுக்குள் திருடு போனால் மட்டும். பூட்டை உடைக்கும் திருட்டுக்குத் தனியாக பர்க்ளரி கவரேஜும், நகைக்கு அதில் தனிப் பட்டியலும் வேண்டும். எஃப்.ஐ.ஆர். கட்டாயம். உடைத்து உள்ளே வந்த தடயம் இருக்க வேண்டும். சாவியைப் பூந்தொட்டிக்கடியில் வைத்துவிட்டுப் போகும் நம் வழக்கத்துக்கு இதில் இடமில்லை.

கடனுக்காகப் போட்ட பாலிசியில் இன்னொன்றையும் பாருங்கள். அது வீட்டின் மதிப்புக்கா, கடன் தொகைக்கா? காப்பீடு செய்ய வேண்டியது திரும்பக் கட்ட ஆகும் செலவை, மனை விலையை அல்ல. மண் எரியாது. 900 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடி 2,200 ரூபாய் என்றால் 19.8 லட்சம். வீடு 80 லட்சம் போகும் என்பதற்காக 80 லட்சத்துக்குப் பிரீமியம் கட்டுவது வீண். கட்டடத்துக்கு எடுத்தால் உள்ளே இருக்கும் சாமான்களுக்கும் அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே சேரும். உங்கள் கணக்கில் 3.96 லட்சம்.

இனி நகையை லாக்கரில் வைக்கலாம் என்று நினைப்பீர்கள். வைக்கலாம். ஆனால் தீ, திருட்டு, ஊழியர் மோசடி என்றால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்குதான். வாடகை 3,000 என்றால் 3 லட்சம். வெள்ளம், நிலநடுக்கத்துக்கு அதுவும் கிடையாது.

நகையின் ரசீதை நகையோடு வைக்காதீர்கள். 2015 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பாலிசி, பத்திர நகல், ரசீது எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டன. வெயிலில் காயவைத்துப் பிரித்தால் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. இப்போது எல்லாவற்றையும் போட்டோ எடுத்து மகளின் மின்னஞ்சலில் போட்டு வைத்திருக்கிறேன்.

கேள்வி (மதுரை வாசகி): கேஸ் ட்யூபை மாற்றச் சொல்கிறார்கள். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது? அப்புறம், சிலிண்டருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதாமே?

பதில்: ட்யூபுக்கு ஐந்து வருடம்தான் ஆயுள். அதன் மேலேயே தேதி அச்சாகியிருக்கும், கைவைத்துத் திருப்பிப் பாருங்கள். சிலிண்டரின் கைப்பிடியைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் சி-27 என்பதுபோல் எழுதியிருக்கும். ஏ, பி, சி, டி நான்கும் வருடத்தின் நான்கு காலாண்டுகள். சி-27 என்றால் 2027 செப்டம்பருக்குள் மறுசோதனை. தேதி தாண்டிய சிலிண்டரை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம்.

கசிந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கதவைத் திறங்கள். இந்த கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும், ஜன்னல் மட்டும் போதாது. எந்த சுவிட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். வெளியே போய் 1906-க்குப் போன் செய்யுங்கள்.

இன்ஷூரன்ஸ் உண்டு, பிரீமியம் எண்ணெய் நிறுவனங்களே கட்டுகின்றன. விபத்தில் இறந்தால் ஒருவருக்கு 6 லட்சம், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை. வீட்டுச் சேதத்துக்கும் 2 லட்சம் வரை உண்டு, ஆனால் கனெக்‌ஷன் பதிவான முகவரியில் நடந்தால்தான். வீடு மாறியும் முகவரி மாற்றாமல் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது.

கேள்வி (கோவை வாசகர்): அப்பாவுக்கு வயது 66, எட்டு வருடமாகச் சர்க்கரை. ஹெல்த் பாலிசி எடுக்கிறேன். "சுகரை எழுதாதீங்க சார், பிரீமியம் ஏறும்" என்கிறார் ஏஜென்ட்.

பதில்: எழுதுங்கள். படிவத்தில் இருக்கப்போவது உங்கள் கையெழுத்து, ஏஜென்டுடையது அல்ல. நாளை அப்பாவை அவசரத்தில் சேர்க்கும்போது டியூட்டி டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே "எத்தனை வருஷமா சுகர்?" என்பதுதான். அம்மா உண்மையைச் சொல்வார்: "எட்டு வருஷமா." அது கேஸ் ஷீட்டின் முதல் வரியில் ஏறும். அந்தத் தாளைத்தான் கம்பெனி கேட்டு வாங்கும்.

எழுதினால் என்ன ஆகும்? பிரீமியம் கூடலாம், அந்த நோய்க்கு மட்டும் பணம் தராத காத்திருப்புக் காலம் போடுவார்கள். இப்போது உள்ள விதிப்படி அது மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது. "அஞ்சு வருஷம் ஓட்டிட்டா ஒண்ணும் கேக்க முடியாது" என்று சொல்லும் ஏஜென்ட்களும் உண்டு. இடைவிடாமல் 60 மாதம் முடிந்தால் மறைத்ததைக் காட்டி மறுக்க முடியாது என்பது உண்மைதான், மோசடி என்று நிரூபிக்காத வரை. 66 வயதில் அந்த ஐந்து வருடத்தை வைத்தா சூதாடுவது?

அறை வாடகை வரம்பையும் கேளுங்கள். 5 லட்சம் பாலிசியில் ஒரு சதவீதம் என்றால் நாளுக்கு 5,000. நீங்கள் 8,000 ரூபாய் அறை எடுத்தால் குறைவது அந்த 3,000 மட்டுமல்ல. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் போன்றவற்றையும் எட்டில் ஐந்து பங்காகக் குறைப்பார்கள். அவை 2 லட்சம் என்றால் 75,000 உங்கள் கையிலிருந்து. மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு கிடையாது. வரம்பே இல்லாத பாலிசி கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதையே எடுப்பேன். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அந்த மிச்சத்தை இதில் போடலாம்.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): கணக்கில் வருடத்துக்கு 20 ரூபாயும் 436 ரூபாயும் பிடிக்கிறார்களே, என்ன அது?

பதில்: 20 ரூபாய் விபத்துக் காப்பீடு, 436 ஆயுள் காப்பீடு. இரண்டும் மத்திய அரசுத் திட்டங்கள், தலா 2 லட்சம். நிறுத்தாதீர்கள். பிடிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியாதபோது, உங்கள் மனைவிக்கு எப்படித் தெரியும்? இன்று ராத்திரி சாப்பிடும்போது சொல்லிவிடுங்கள்.

கேள்வி (வேலூர் வாசகர்): பழைய ஸ்கூட்டரைத் தெரிந்த பையனுக்கு விற்றேன். ஆர்.சி-யைப் பிறகு மாற்றிக்கொள்கிறேன் என்றான். ஒரு வருடம் ஆகிறது. எனக்கு ஏதாவது பிரச்சினை வருமா?

பதில்: வரும். ஆர்.சி-யில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கைமாறி நாலு பேரிடம் போனாலும் அப்படித்தான். அவன் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்காமல் விட்டு யார்மீதாவது மோதினால், நஷ்டஈட்டு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். இந்த வாரமே பையனை அழைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போய் படிவம் 29, 30 கொடுங்கள். "பாத்துக்கலாம் அண்ணே" என்பான். நீங்களே பைக்கில் ஏற்றிக்கொண்டு போங்கள்.