அப்பாவின் கேசட்டுகள்

கேள்வி: அப்பா விட்டுப்போன கேசட்டுகள் 80க்கு மேல் பரணில் கிடக்கின்றன. பாதி கடையில் வாங்கியவை. மீதி, பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கியவை. கம்ப்யூட்டரில் ஏற்றலாமா? ‘காப்பிரைட் கேஸ் வரும்’ என்று மச்சான் பயமுறுத்துகிறார்.
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: மச்சானுக்கு ஒரு டீ கொடுத்து உட்கார வையுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில், சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. 2012இல் செய்த திருத்தத்தில் ஒலிப்பதிவும் அதற்குள் வந்துவிட்டது. கடையில் வாங்கிய கேசட்டை நீங்கள் கேட்பதற்காக ஏற்றிக்கொள்ளப் பயம் வேண்டாம். பென்டிரைவில் போட்டு விற்றீர்களானால் மச்சான் வாக்கு பலிக்கும். 63ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை இருக்கிறது.

பட்டியல் கொடுத்துப் பதிந்தவைதான் சங்கடம். நானே காட்பாடியில் ஒரு ரெக்கார்டிங் கடையில் உட்கார்ந்து அந்த வேலையைப் பார்த்தவன். யாரிடமும் அனுமதி வாங்கியதில்லை. எங்கள் கவலையெல்லாம், 30 நிமிடப் பக்கத்தில் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடக் கூடாதே என்பதுதான். பிறக்கும்போதே கள்ள நகல் அவை. அதை மறுபடி நகலெடுப்பதும் நியாயமான பயன்பாடுதான் என்று நான் அடித்துப் பேச மாட்டேன். அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை இன்று முறைப்படியே, இதைவிடத் தெளிவாகக் கிடைக்கின்றன. அட்டையில் அப்பா கையெழுத்து இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள், போதும்.

நீங்கள் கேட்காத ஒன்று: வீட்டில் பதிந்த கேசட் ஏதாவது இருக்கிறதா? பாட்டி பாடிய தாலாட்டு, அப்பா பேசியது, இப்படி? முதலில் ஏற்ற வேண்டியது அதுதான். வேறெங்கும் கிடைக்காது.

நம் ஊர் வெயிலில் பரண் ஓர் அடுப்பு. இன்றைக்கே கீழே இறக்குங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள். நான் அவசரப்பட்டு ஓட்டி, என் அக்கா வளைகாப்புப் பாட்டை டேப்ரெக்கார்டருக்குத் தின்னக் கொடுத்தேன். நல்ல கேசட்டையும் ஒரு தடவை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, டேப்ரெக்கார்டரில் நாடா உரசி ஓடும் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த பிறகு போடுங்கள். ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர், கம்ப்யூட்டரில் ஒலியைப் பதியும் ஆடாசிட்டி மென்பொருள், அவ்வளவுதான். 60 நிமிட கேசட்டுக்கு 60 நிமிடம் உட்கார வேண்டும். குறுக்கு வழி கிடையாது. வேவ் (WAV) என்ற சுருக்காத ஒலிக் கோப்பாகச் சேமித்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. பிடிக்கும்.

அப்புறம், வீட்டில் பதிந்த கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். போடுவதற்கு முன் அவற்றை உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்ட் பட்டனைத் தொட்டாலும் அது அழுந்தாது.